கிராக் போட்ட பிறகு லேப்டொப்பில் மவுஸ் தானாக நகர்கிறது. திருமலையில் யாராவது உதவுவீர்களா?

உவர்மலை_டியூசன்:
வணக்கம். உவர்மலையில் வீட்டிலேயே ஓ.எல். பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். வகுப்புக்குப் பாவிக்கிற விண்டோஸ் 10 லேப்டொப்பில்தான் பிரச்சினை. என் தம்பி கோவில் திருவிழா வீடியோவை வெட்டி ஒட்டுவதற்காக ஒரு எடிட்டிங் மென்பொருளை இறக்கி அதைக் காசு கொடுக்காமல் பாவிக்கக் கிராக்கும் போட்டான். மென்பொருள் ஒழுங்காக வேலை செய்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்புறம் ஒரு இரவு நான் வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்தபோது மவுஸ் அம்பு தானாகப் போய் பிரவுசரைத் திறந்தது. நான் கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது நகர்ந்துகொண்டே இருந்தது. மறுநாள் காலையில் என் முகநூலிலிருந்து பெற்றோர் பலருக்கு "அவசரமாகக் காசு வேண்டும்" என்று செய்தி போயிருக்கிறது, ஒரு அம்மா அனுப்பியும் விட்டார். லொகின் பண்ணும்போது போனுக்கு வரும் ஒருமுறை எண்ணான ஓ.டி.பி. எதுவும் எனக்கு வரவே இல்லை. விண்டோஸோடு வரும் ஆன்ட்டி வைரஸான டிஃபெண்டரைத் திறந்தால் "இந்த அமைப்பை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்கிறது. எனக்கு எந்த நிறுவனமும் இல்லை. என்ன நடந்திருக்கிறது, இனி என்ன செய்ய வேண்டும்?

டொக்யார்ட்வீதி_ரிப்பேர்:
தங்கச்சி, பயப்பட வேண்டாம். இந்த மாதிரி லேப்டொப் என் கடைக்கு அடிக்கடி வரும். நல்ல ஆன்ட்டி வைரஸ் ஒன்று போட்டு முழு ஸ்கேன் ஓட விடுங்கள், சிவப்பில் காட்டுவதையெல்லாம் அழியுங்கள், கிராக் போட்ட மென்பொருளையும் எடுத்துவிடுங்கள். போமட் அடிக்க, அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட, தேவையில்லை.

நிலாவெளிக்_காற்று:
அக்கா, மற்றதெல்லாம் பிறகு. முதலில் லேப்டொப்பின் வைஃபையை நிறுத்துங்கள், கேபிள் இருந்தால் கழற்றுங்கள். இந்த இழையையும் போனில் வாசியுங்கள், அந்த லேப்டொப்பில் இங்கே லொகின் பண்ண வேண்டாம். ரிப்பேர் அண்ணா சொன்னதோடு எனக்கு உடன்பாடில்லை, ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மவுஸ் தானாக நகர்ந்தது, டிஃபெண்டர் பூட்டப்பட்டிருப்பது, ஓ.டி.பி. இல்லாமல் கணக்குப் போனது, மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இது பேக்டோர் ட்ரோஜன், நல்ல மென்பொருள் போல வேடமிட்டு நுழைந்து வெளியாளுக்குப் பின்கதவைத் திறந்து விடுகிற நிரல். நம்மில் பலர் வைரஸ் என்றால் கணினி மெதுவாகும், விளம்பரம் குதிக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இது அப்படி இல்லை. கணினி நன்றாக ஓட வேண்டும், நீங்கள் நிம்மதியாக இருக்க வேண்டும், அதுதான் இதை அனுப்பியவனுக்குத் தேவை.

தம்பி என்ன செய்திருப்பார் என்று ஓரளவு சொல்லலாம். "இலவச முழு வெர்ஷன்" என்று யூடியூப்பில் ஒரு வீடியோ, அதன் கீழே ஒரு லிங்க். இறக்கினால் ஒரு சிப் கோப்பு, திறக்க ஒரு கடவுச்சொல், பெரும்பாலும் 1234 மாதிரி ஒன்று, அதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். எல்லோருக்கும் தெரிகிற கடவுச்சொல்லைப் போட்டு ஏன் பூட்ட வேண்டும்? பூட்டிய சிப்புக்குள் மின்னஞ்சல் சேவையோ, கோப்பு வைக்கிற தளமோ, ஆன்ட்டி வைரஸோ தானாக எட்டிப் பார்க்க முடியாது. சில நேரம் உள்ளே இருக்கிற கோப்பில் வெறும் பூச்சியங்களை நிரப்பி நூற்றுக்கணக்கான மெகாபைட்டுக்கு ஊதி வைப்பார்கள், ஏனென்றால் பல ஸ்கேனர்கள் ஒரு அளவுக்கு மேல் பெரிய கோப்பைப் பார்க்காமல் விட்டுவிடும். அதோடு ஒரு வழிமுறைக் குறிப்பு இருக்கும், "முதலில் டிஃபெண்டரை நிறுத்துங்கள், கிராக்கைத் தவறாக வைரஸ் என்று காட்டும்". இந்த வரியில்தான் எல்லாம் நடக்கிறது. நிர்வாகி அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும், ஆம் என்று அழுத்துவோம். அந்த நொடியிலிருந்து அந்த நிரலுக்கு அந்தக் கணினியில் நம்மளவு உரிமை, சில விஷயங்களில் நம்மை விடக் கூடவும்.

அடுத்தது அது தன்னை நிலைப்படுத்திக்கொள்ளும். எடிட்டிங் மென்பொருளை உண்மையாகவே நிறுவிக் கொடுக்கும், அதனால்தான் தம்பிக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் ஆப்டேட்டா மாதிரி நாம் எட்டிப் பார்க்காத ஃபோல்டரில் தன் பிரதி ஒன்றை வைக்கும், விண்டோஸின் சொந்தக் கோப்பு மாதிரி ஒரு பெயரோடு. எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர் அவர்களுக்குப் பிடித்தது, உண்மையான எஸ்விசிஹோஸ்ட் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32 போன்ற இடங்களில்தான் இருக்கும், ஆப்டேட்டாவில் இருந்தால் அது போலி. கணினி திறக்கும்போதெல்லாம் தானும் எழும்ப, விண்டோஸின் அமைப்புகள் பதியப்படும் ரெஜிஸ்ட்ரியில் "ரன்" என்ற இடத்திலோ டாஸ்க் ஷெட்யூலரிலோ ஒரு பதிவு. பிறகு டிஃபெண்டரிடம் "இந்த ஃபோல்டரைப் பார்க்காதே" என்று விலக்கு எழுதும், அல்லது கொள்கை அமைப்பை மாற்றி டிஃபெண்டரையே முடக்கும். உங்களுக்கு "நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று வருவது இதனால்தான்.

பிறகு வெளியே கூப்பிடும். 1998இல் வந்த பேக் ஓரிஃபிஸ், நெட்பஸ் போன்ற பழைய நிரல்கள் கணினியில் போர்ட் எனப்படும் இணைப்பு வாசல் ஒன்றைத் திறந்து வைத்துக் காத்திருக்கும், பேக் ஓரிஃபிஸுக்கு 31337, நெட்பஸுக்கு 12345. தாக்குபவன் இணையத்தில் அந்த போர்ட் திறந்திருக்கிற கணினிகளைத் தேடி வருவான். இன்றைக்கு எல்லோர் வீட்டிலும் ரவுட்டர் இருப்பதால் வெளியிலிருந்து நேரே உள்ளே வருவது கடினம். அதனால் திசையை மாற்றிவிட்டார்கள், உங்கள் கணினியே அவனுடைய சேர்வருக்கு இணைப்பு எடுக்கும். விண்டோஸ் ஃபயர்வோல் வழக்கமாக உள்ளே வருவதைத்தான் தடுக்கும், வெளியே போவதை விட்டுவிடும். அதுவும் 443ஆம் போர்ட்டில் போனால், நீங்கள் பிரவுசரில் ஒரு தளத்தைத் திறப்பதற்கும் அதற்கும் மேலோட்டமாக வித்தியாசம் தெரியாது.

இணைப்புக் கிடைத்ததும் அவனுக்கு ஒரு திரையில் உங்கள் கணினி ஒரு வரியாகத் தெரியும். நீங்கள் அடிக்கும் எழுத்துகள், திரையின் படம், கேமரா, மைக், கோப்புகள், எல்லாம். மவுஸை நகர்த்தியது அவன்தான். ஆனால் உங்களுக்குத் தெரிகிற மாதிரி நகர்த்தியதற்கு முன்னாலேயே வேலை முடிந்திருக்கும், அதைப் பிறகு எழுதுகிறேன். இப்போது வைஃபையை நிறுத்திவிட்டீர்களா?

உவர்மலை_டியூசன்:
நிறுத்திவிட்டேன் தம்பி. நீங்கள் எழுதியது அப்படியே நடந்திருக்கிறது. என் தம்பியிடம் கேட்டேன், யூடியூப் லிங்க்தான், கடவுச்சொல் போட்ட சிப்தான், டிஃபெண்டரை நிறுத்தச் சொல்லித்தான் எழுதியிருந்ததாம்.

மூதூர்_மாணவி:
இடையில் ஒரு கேள்வி. நான் ஏ.எல். படிக்கிறேன். பாஸ்ட் பேப்பர் பிரிண்ட் எடுக்க ஒரு கொமியூனிகேஷன் கடையில் பென் டிரைவ் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஃபோல்டர் எல்லாம் ஷோர்ட்கட் ஆகிவிட்டது. இதுவும் அந்த மாதிரிதானா? என் நோட்ஸ் எல்லாம் போய்விட்டதா?

கிண்ணியாப்_பாலம்:
தங்கச்சி, நோட்ஸ் போகவில்லை. நான் கொமியூனிகேஷன்தான் நடத்துகிறேன், இது எங்கள் தொழிலில் தினம் பார்க்கிற விஷயம். கடைக் கணினியில் தானே பரவுகிற புழு ஒன்று இருந்தால், செருகுகிற ஒவ்வொரு பென் டிரைவிலும் உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷோர்ட்கட் வைக்கும். நீங்கள் ஃபோல்டர் என்று நினைத்து அழுத்தினால் முதலில் புழு ஓடும், பிறகு ஃபோல்டரையும் திறந்து காட்டும். 2011க்கு முன்னால் பென் டிரைவ் செருகினாலே தானாக ஓடுகிற வசதி இருந்தது, அதை மைக்ரோசொஃப்ட் பழைய விண்டோஸ்களிலும் அப்டேட் மூலம் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு இந்த ஷோர்ட்கட் வழிதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. என்ஜேராட் என்ற பேக்டோரும் பென் டிரைவ் வழியாகப் பரவும், ஆகவே வெறும் தொல்லைதானே என்று விட முடியாது.

நீங்கள் ஷோர்ட்கட்டை அழுத்தினீர்களா என்பதுதான் கேள்வி. அழுத்தவில்லை என்றால் வியூ மெனுவில் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி வைத்து, உண்மையான ஃபோல்டரிலிருந்து பேப்பர்களை மட்டும் எடுத்துக்கொண்டு பென் டிரைவை போமட் பண்ணுங்கள். அழுத்தியிருந்தால் வீட்டுக் கணினியையும் சந்தேகப்பட வேண்டும். அங்கேயே "கோப்பின் நீட்சியைக் காட்டு" என்பதையும் போட்டு வையுங்கள். விண்டோஸ் அதை வழக்கமாக மறைத்து வைத்திருப்பதால் "வினாத்தாள்.பிடிஎஃப்.ஈஎக்ஸ்ஈ" என்ற கோப்பு உங்களுக்கு "வினாத்தாள்.பிடிஎஃப்" என்று மட்டும் தெரியும், அதற்கு பிடிஎஃப் படத்தையும் ஒட்டி வைத்திருப்பார்கள்.

என் கடையில் பென் டிரைவ் வாங்குவதைக் குறைத்துவிட்டேன், கோப்பை போனிலிருந்து அனுப்பச் சொல்லி பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் எந்தக் கடையிலும் கடைக் கணினியில் உங்கள் வட்ஸ்அப்பையோ மின்னஞ்சலையோ திறக்காதீர்கள். திறக்கச் சொன்னால் மறுங்கள், கடைக்காரனாகவே சொல்கிறேன்.

மூதூர்_மாணவி:
அழுத்தவில்லை நாநா. வீட்டில் கணினியே இல்லை, சிநேகிதியின் லேப்டொப்பில் பார்த்தேன். அவளிடமும் சொல்கிறேன். நன்றி.

சாம்பல்தீவு_ஆசிரியர்:
நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். பென்சன் காசை ஒன்லைனில் பார்க்கிறவன், அதனால் அக்கறையோடு கேட்கிறேன். ஓ.டி.பி. இருந்தால் யாரும் உள்ளே வர முடியாது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு ஓ.டி.பி. வரவே இல்லையே, எப்படி?

நிலாவெளிக்_காற்று:
சேர், நல்ல கேள்வி. "வேலை முன்னாலேயே முடிந்திருக்கும்" என்று நான் சொன்னதும் இதைத்தான்.

நீங்கள் ஒரு தளத்தில் கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் கொடுத்து நுழைந்த பிறகு, ஒவ்வொரு பக்கத்துக்கும் அது மறுபடி கேட்பதில்லை அல்லவா? "இவரை ஏற்கெனவே சோதித்தாயிற்று" என்று ஒரு அடையாளத்தை உங்கள் பிரவுசரில் வைத்துவிடுகிறது, அதுதான் குக்கி. கல்யாண மண்டபத்தில் வாசலில் கையில் கட்டிவிடுகிற பட்டி மாதிரி, பட்டி இருந்தால் உள்ளே யாரும் பெயர் கேட்க மாட்டார்கள். ட்ரோஜன் அந்தக் குக்கியைப் பிரதி எடுத்து அனுப்பிவிடும். அவன் அதைத் தன் பிரவுசரில் போட்டால் முகநூலுக்கு அவன்தான் அக்கா. லொகின் என்ற படியே நடக்காததால் ஓ.டி.பி.யும் போகாது.

பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் அப்படித்தான். அவை பூட்டித்தான் வைக்கப்பட்டிருக்கும், ஆனால் பூட்டு உங்கள் விண்டோஸ் கணக்கோடு கட்டப்பட்டது. லேப்டொப்பைக் களவெடுத்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுகிறவனுக்கு எதிராக அது உதவும். உங்கள் கணக்குக்குள்ளேயே ஓடுகிற நிரலுக்கு எதிராகப் பெரிதாக உதவாது. இந்தத் திருட்டு முழுவதும் கொஞ்ச நேர வேலைதான்.

வங்கி விஷயத்தில் கொஞ்சம் ஆறுதல் உண்டு. வங்கித் தளங்கள் கொஞ்ச நேரத்தில் தானாக வெளியேற்றிவிடும், காசு மாற்றும்போது திரும்ப ஓ.டி.பி. கேட்கும். ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் நீங்கள் அடிக்கிற ஓ.டி.பி.யையும் பார்ப்பான். ஆகவே சந்தேகம் உள்ள கணினியில் வங்கி வேலை கூடவே கூடாது.

டொக்யார்ட்வீதி_ரிப்பேர்:
தம்பி எழுதியது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் கடையில் இருந்து பாருங்கள். வருகிறவர் கையில் ஒரே லேப்டொப், அதில் பிள்ளையின் பிறந்தநாள் படமும் கச்சேரிக்குக் கொடுக்க வேண்டிய கடிதமும், "பின்னேரத்துக்குள்ளே தாங்கோ" என்பார். போமட் என்றால் முகம் வாடிவிடும். ஸ்கேன் பண்ணி, ஓட்டோரன்ஸில் சந்தேகமான பதிவுகளை எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. கிண்ணியா நாநா சொன்ன ஷோர்ட்கட் புழுவுக்கெல்லாம் போமட் அடிக்கச் சொல்வது அநியாயம்.

நிலாவெளிக்_காற்று:
அண்ணா, சாதாரண ஷோர்ட்கட் புழுவுக்கு நீங்கள் சொல்வதே போதும். ஓட்டோரன்ஸ் அருமையான கருவி, மைக்ரோசொஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கணினி திறக்கும்போது எதெல்லாம் எழும்புகிறது என்பதை ஒரே இடத்தில் காட்டும். டிஸ்க்கைக் கழற்றாமலே விண்டோஸுக்கு வெளியே நின்று தேடுகிற டிஃபெண்டர் ஓஃப்லைன் ஸ்கேனும் நல்லது. என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க இவற்றை நான் எப்போதும் பாவிப்பேன்.

ஆனால் ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து மவுஸை நகர்த்திய கணினி வேறு ரகம். ஸ்கேன் சொல்வது "எனக்குத் தெரிந்த கெட்டவை இவை" என்பதை மட்டும்தான். அவன் இருந்த நேரத்தில் புதிதாக ஒரு பயனர் கணக்கைத் திறந்திருக்கலாம், இரண்டாவது பேக்டோர் வைத்திருக்கலாம், ஒழுங்கான ரிமோட் மென்பொருள் ஒன்றையே நிறுவி விட்டிருக்கலாம், அதை எந்த ஸ்கேனும் வைரஸ் என்று சொல்லாது. இந்தக் கணினிகளின் வழியை இன்னொருவனுக்கு விற்பதும் உண்டு, வாங்கியவன் கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்பான். ஆகவே படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வெளியே எடுத்து, எந்த நிரலையும் எடுக்காமல், டிஸ்க்கை முழுவதும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போட வேண்டும்.

இன்னொன்றையும் திறந்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். போமட் அடித்துவிட்டு அதே கிராக் விண்டோஸையும் லைசன்ஸ் இல்லாமலே அதை ஓட வைக்கிற அதே அக்டிவேட்டரையும் போட்டுக் கொடுக்கிற கடைகள் இந்த ஊரில் இருக்கின்றன. டிஃபெண்டரை நிறுத்திவிட்டு ஓட வேண்டிய ஒரு நிரலைப் புதுக் கணினியில் முதல் வேலையாக ஓட்டினால் என்ன பயன்? விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டொப்களின் லைசன்ஸ் மதர்போர்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதே பதிப்பை மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து நேராக இறக்கிப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானாக அக்டிவேட் ஆகும், ஒரு சதமும் வேண்டாம். லைசன்ஸே இல்லாத கணினியில்கூட அக்டிவேட் பண்ணாமல் விண்டோஸ் ஓடும், மூலையில் ஒரு எழுத்து தெரியும், பின்னணிப் படம் மாற்ற முடியாது, அவ்வளவுதான். கடிதம் அடிக்க லிப்ரே ஒபிஸ் இலவசம், யூனிகோட் தமிழும் நன்றாக வரும். அக்கா, உங்களுடையது விண்டோஸ் 10 என்றீர்கள், அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டன. லேப்டொப் தாங்கினால் 11க்கு மாறுங்கள்.

டொக்யார்ட்வீதி_ரிப்பேர்:
மதர்போர்டில் லைசன்ஸ் இருக்கிற விஷயம் உண்மை, பல பேர் வாங்கிய லேப்டொப்பில் நல்ல விண்டோஸை அழித்துவிட்டுக் கள்ள விண்டோஸ் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தங்கச்சி, என்னிடம் கொண்டு வாருங்கள், ஒரிஜினலாகவே போட்டுத் தருகிறேன். கோப்பு எடுப்பதை நான் லினக்ஸ் பென் டிரைவில் பூட் பண்ணித்தான் செய்வேன், விண்டோஸைத் திறக்கவே மாட்டேன், அந்தக் கவனம் எனக்கும் உண்டு.

உவர்மலை_டியூசன்:
கட்டாயம் கொண்டு வருகிறேன் அண்ணா. கேட்கச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் பிள்ளைகளும் வகுப்பில் அந்த லேப்டொப் முன்னால்தான் இருந்தார்கள். கேமரா வழியாகவும் பார்த்திருப்பார்களா? கேமரா விளக்கு எரிந்ததாக ஞாபகம் இல்லை.

கிண்ணியாப்_பாலம்:
சங்கடப்பட ஒன்றும் இல்லை, கேட்க வேண்டிய கேள்வி. விளக்கை மட்டும் நம்ப முடியாது, ஒரு படம் பிடிக்கும் நொடி மட்டும் எரிந்தால் யார் கவனிப்பார்கள்? இனி பாவிக்காதபோது கேமராவை ஒரு துண்டு டேப்பால் மூடி வையுங்கள்.

இப்படி நடந்ததற்குப் பதிவான வழக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 2013இல் மிஸ் டீன் யூ.எஸ்.ஏ. ஆன காசிடி வுல்ஃபின் கணினிக் கேமராவை ஒருவன் ட்ரோஜன் வழியாகத் திறந்து படம் எடுத்து மிரட்டினான். அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவள் பணியவில்லை, பொலிஸுக்குப் போனாள், 2014இல் அவனுக்கு 18 மாதச் சிறை. அதே ஆண்டு மே மாதத்தில் பிளாக்‌ஷேட்ஸ் என்ற ட்ரோஜனை விற்றவர்களையும் வாங்கியவர்களையும் பல நாடுகளில் ஒரே நேரத்தில் பிடித்தார்கள். 40 டொலருக்கு விற்ற அந்த நிரல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் இருந்ததாக எஃப்.பி.ஐ. சொன்னது. பெரிய ஹேக்கர்தான் செய்ய வேண்டும் என்றில்லை, காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம் என்ற நிலை.

இங்கேயும் சட்டம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி அனுமதி இல்லாமல் ஒருவரின் கணினிக்குள் நுழைவதே குற்றம். கணினிப் பாதுகாப்புப் பிரச்சினைகளுக்கு உதவும் அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101ஆம் எண்ணுக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். யாராவது படத்தைக் காட்டி மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள், செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். காசு அனுப்பிய அந்த அம்மாவையும் உடனே அவருடைய வங்கியோடு பேசச் சொல்லுங்கள்.

சாம்பல்தீவு_ஆசிரியர்:
அப்படியானால் கிராக் போடாமல் இருந்தால் போதுமா?

நிலாவெளிக்_காற்று:
பெரும்பகுதி அடைபடும் சேர், முழுவதும் இல்லை. 2017இல் சிகிளீனர் என்ற, எல்லோரும் பாவித்த மென்பொருளின் சேர்வருக்குள்ளேயே புகுந்து 5.33ஆம் பதிப்பில் பேக்டோரைச் சேர்த்துவிட்டார்கள். சொந்தத் தளத்திலிருந்து ஒழுங்காக இறக்கியவர்கள்தான் பாதிக்கப்பட்டார்கள், 20 லட்சத்துக்கு மேல். ஆனால் அப்படிச் செய்யப் பெரிய வளம் வேண்டும், உவர்மலையில் ஒரு டியூசன் லேப்டொப்பைப் பிடிக்க யாரும் அவ்வளவு சிரமப்பட மாட்டார்கள். நம் ஊரில் நான் கண்டதெல்லாம் கிராக், பென் டிரைவ், கண்ட தளத்தில் இறக்கிய பாமினி எழுத்துரு. எழுத்துரு ஈஎக்ஸ்ஈ கோப்பாக வந்தால் தொடவே வேண்டாம், அது டிடிஎஃப், ஓடிஎஃப் போன்ற எழுத்துருக் கோப்பாகத்தான் வர வேண்டும். அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத ஒரு விண்டோஸ் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதையே கொடுங்கள்.

அக்கா, கடவுச்சொற்களை மாற்றிவிட்டீர்களா? போனில்தான், முதலில் மின்னஞ்சல். மற்ற எல்லாக் கணக்கின் மீட்பு லிங்க்கும் அங்கேதான் வரும் என்பதால் அது அவன் கையில் இருக்கும்வரை மற்றதை மாற்றுவது வீண். மாற்றிய பிறகு "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதைக் கட்டாயம் அழுத்துங்கள், களவு போன குக்கி அப்போதுதான் செல்லாமல் போகும்.

உவர்மலை_டியூசன்:
எல்லாம் செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன். லேப்டொப் கடையில் புதிதாகப் போட்டாயிற்று, லைசன்ஸ் நிலாவெளித் தம்பி சொன்ன மாதிரியே தானாக வந்தது. வங்கிக்கு அழைத்து ஒன்லைன் கணக்கை நிறுத்தி வைத்தேன், காசு எதுவும் போகவில்லை. முகநூல் திரும்பக் கிடைத்தது. மின்னஞ்சலில் மட்டும் ஒன்று பார்த்தேன், விளங்கவில்லை. செட்டிங்ஸில் எனக்குத் தெரியாத ஒரு முகவரிக்கு எல்லா மெயிலும் ஃபோர்வர்ட் ஆகும்படி இருக்கிறது. கடவுச்சொல் மாற்றியும் அது அப்படியே இருந்தது.

நிலாவெளிக்_காற்று:
நல்லவேளை பார்த்தீர்கள். அது அவன் வைத்தது, கடவுச்சொல்லை மாற்றினாலும் அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த முகவரியை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துவிட்டு நீக்குங்கள், முறைப்பாட்டுக்கு உதவும். பக்கத்திலேயே ஃபில்டர்கள் இருக்கும், "வங்கி" என்ற சொல் வந்தால் குப்பைக்கு அனுப்பு என்பது போல ஏதாவது இருக்கிறதா பாருங்கள். மீட்பு போன் எண், மீட்பு மின்னஞ்சல் இரண்டும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். கணக்கோடு இணைத்த செயலிகளில் தெரியாததை நீக்குங்கள். வட்ஸ்அப்பில் "இணைத்த சாதனங்கள்" பட்டியலையும் காலியாக்குங்கள். ஃபோர்வர்ட் இருந்த காலத்தில் வந்த மெயில் எல்லாம் அவன் வாசித்ததாகவே எடுத்துக்கொண்டு, அதில் மீட்பு லிங்க் வந்த கணக்குகளின் கடவுச்சொல்லை இன்னொரு தடவை மாற்றுங்கள்.

உவர்மலை_டியூசன்:
ஃபில்டர் ஒன்று இருந்தது, முகநூலிலிருந்து வருகிற மெயில் நேரே குப்பைக்குப் போகும்படி. நீக்கிவிட்டேன். வட்ஸ்அப்பில் தெரியாத சாதனம் இல்லை. பெற்றோர் குழுவில் நடந்ததை எழுதி, என் பெயரில் காசு கேட்டு வந்தால் போனில் அழைத்துக் கேட்கும்படி சொல்லியிருக்கிறேன். நாளைக்கு அந்த அம்மாவோடு சேர்ந்து பொலிஸ் நிலையம் போகிறேன்.